நஞ்சும் உருவகமும்

நண்பர் ஒருவருக்குப் பெருங்குடலில் புற்று என்று தெரிந்து, வெட்டியெடுத்து, இனி ஆறு மாதம் கீமோதெரபி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பிய வாரத்தில் நம் கூட்டம் ஒன்று நடந்தது. கூட்டம் முடிந்ததும் வழக்கமான டீக்கடை. அங்கே நம்மில் ஒரு கவிஞர் - நல்ல கவிஞர், அதில் எனக்குச் சந்தேகமில்லை - நண்பரிடம் சொன்னார்: கீமோ என்பது யுத்தத்தில் மிச்சமான விஷவாயு; உடம்பைப் போர்க்களமாக்கச் சம்மதிக்காமலிருப்பதுதான் ஒரு கலைஞன் செய்யக்கூடியது. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். வாக்கியம் நன்றாக இருந்தது. நண்பரும் தலையை ஆட்டினார். எனக்கு அன்று பதில் வரவில்லை. மறுநாள் ஸூஸன் ஸொண்டாகின் 'இல்னெஸ் ஆஸ் மெடஃபர்' புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த வாக்கியத்தையும் நான் கொடுத்த புத்தகத்தையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன். இரண்டிலும் ஒரே கோளாறு இருப்பதாக இப்போது எனக்குப் படுகிறது.

வாக்கியத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். அதில் சரித்திரம் இருக்கிறது. 1942ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், ஆல்ஃபிரெட் கில்மன் என்ற இரண்டு மருந்தியல்காரர்கள் ராணுவத்துக்காக விஷவாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மஸ்டர்ட் வாயுவுக்கு நெருங்கிய உறவான நைட்ரஜன் மஸ்டர்ட், வெள்ளணுக்களை அழிப்பதைக் கண்டார்கள். நிணநீர்க் கட்டிகள் கழுத்தை நெரிக்க, மூச்சுவிடவே திணறிக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்கு அது ரத்தக்குழாயில் ஏற்றப்பட்டது. சரித்திரத்தில் அவர் பெயர் ஜே.டி. என்ற இரண்டு எழுத்துகள். கட்டிகள் கரைந்தன, பிறகு திரும்பி வந்தன, அதே வருஷம் டிசம்பரில் அவர் இறந்தார். யுத்த ரகசியமாகையால் அவருடைய கேஸ் தாளில் மருந்தின் நிஜப் பெயர் எழுதப்படவில்லை. 1946ல்தான் விஷயம் அச்சில் வந்தது. இதற்கிடையில் 1943 டிசம்பர் 2ஆம் தேதி, இத்தாலியின் பாரி துறைமுகத்தை ஜெர்மன் விமானங்கள் தாக்கியபோது, ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பல் வெடித்தது. அதில் ரகசியமாக ஏற்றியிருந்த 2000 மஸ்டர்ட் குண்டுகளின் விஷம் கடலில் மிதந்த எண்ணெயோடு கலந்து, நீந்திக் கரையேறிய 600க்கு மேற்பட்டவர்களைப் பொசுக்கியது. இறந்தவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அற்றுப்போயிருந்ததை ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ டாக்டர் குறித்துவைத்தார். ஆக, கவிஞர் சொன்னதில் தகவல் பிசகு இல்லை.

ஆனால் அது ஒரு வம்சாவளி மட்டுமே. 1947 கடைசியில் பாஸ்டனில் ஸிட்னி ஃபார்பர் லுகேமியா கண்ட குழந்தைகளுக்குக் கொடுக்க ஆரம்பித்த அமினாப்டெரின், போலிக் ஆஸிட் என்ற விட்டமினின் போலி. விட்டமின் என்று நம்பி அதை வாங்கிக்கொள்ளும் செல், ஏமாந்து, பெருக முடியாமல் நின்றுவிடுகிறது. அந்த மருந்து உருவான லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திவந்தவர் எல்லப்ரகட ஸுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்; கதர் உடுத்திய குற்றத்துக்காக வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்தைச் சம்பாதித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். இன்னொன்று, நம் வீட்டுக் கொல்லையிலும் சுடுகாட்டு ஓரத்திலும் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் அதை ஆராய்ந்தது நீரிழிவுக்கு. இலைச்சாறு சர்க்கரையைக் குறைக்கவில்லை. எலிகளின் வெள்ளணுக்களைக் குறைத்தது. அதிலிருந்துதான் வின்ப்ளாஸ்டினும் வின்கிரிஸ்டினும். ஏட்ரியாமைசின் என்ற சிவப்பு மருந்தோ, இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற பழைய கோட்டையைச் சுற்றியிருந்த மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரின் வழிவந்தது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரை அதற்கு வைத்தார்கள். விஷவாயு கலந்த பாரியும் அதே கடலோரம்தான்!

ஒரு வாயு, ஒரு போலி விட்டமின், ஒரு பூ, ஒரு பிடி மண். நான்குக்கும் சேர்த்து ஒரே பொதுப்பெயர். இதில் யுத்தத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொள்வது சரித்திர உணர்வு அல்ல, ரசனை. யுத்தம் என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி இருக்கிறது. சர்க்காரிடமும் அது செல்லுபடியாகும். 1971 டிசம்பரில் நிக்ஸன் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து 'புற்றுநோய் மீது யுத்தம்' என்றே அதற்குப் பெயர். பணம் கேட்க அது சௌகரியம். வேடிக்கை என்னவென்றால், கீமோவை எதிர்ப்பவர்களும் அதே சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். யுத்தமென்றால் சேதம், சேதமென்றால் அநீதி, ஆகவே மறுப்பு. ஆதரிப்பவனுக்கும் எதிர்ப்பவனுக்கும் இடையில் உருவகத்தைப் பற்றித் தகராறே இல்லை. நோயாளி மட்டும் அதற்குள் இல்லை.

*

ஸொண்டாகின் புத்தகம் 1978ல் வந்தது. க்ஷயத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு எப்படி ஆத்மாவின் நோயாக அலங்கரித்ததோ, அதேபோல் இருபதாம் நூற்றாண்டு புற்றுநோயை அடக்கிவைத்த உணர்ச்சிகளின் தண்டனையாக்கிவிட்டது என்று அவர் காட்டினார். நோய் நோய்தான், அதன் மேல் ஏற்றி வைத்த அர்த்தங்களைக் களைந்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். கதிரியக்கச் சிகிச்சையின் பாஷை விமானப்படையிலிருந்தும், கீமோவின் பாஷை ரசாயன யுத்தத்திலிருந்தும் வந்திருப்பதை எடுத்துச் சொன்னவரும் அவரே. விஷவாயுக் கப்பலின் கதையைக்கூடப் போகிற போக்கில் தொட்டுக்காட்டியிருக்கிறார். நம் கவிஞர் அதைப் படித்திருந்தால், தன் வாக்கியத்தின் ஊர் எது என்று தெரிந்துகொண்டிருப்பார்.

இங்கே ஸொண்டாக் சொன்னதற்கு உதாரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டியதில்லை. 'அந்த வியாதி' என்றுதான் நம் வீடுகளில் இன்னும் சொல்கிறார்கள். 1982ல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' என்று இரண்டு படங்கள். ரத்தப் புற்று அங்கே காதலை உயரத்தில் ஏற்றிவைக்க வந்த ஏணி. நாயகனின் தலைமுடி கடைசிவரை கலைவதில்லை. நாம் இந்தப் படங்களைக் கண்டு சிரிக்கிறோம். டீக்கடையில் சொல்லப்பட்ட வாக்கியம் அதே படத்தின் தரமான பிரதி என்பது நமக்கு உறைப்பதில்லை.

ஸொண்டாக் தன் புத்தகத்தில் தனக்குப் புற்றுநோய் இருந்ததைச் சொல்லவில்லை. 1975ல், 42 வயதில், மார்பகப் புற்று கண்டு, அந்தக் காலத்து முறையில் மார்போடு தசையையும் அகற்றி, இரண்டரை வருஷம் கீமோ எடுத்துக்கொண்டவர். ஏன் தன்னைப் பற்றி எழுதவில்லை என்பதைப் பத்து வருஷம் கழித்து, எய்ட்ஸ் பற்றிய புத்தகத்தில் விளக்கினார். இன்னொரு கண்ணீர்க்கதை யாருக்கும் உதவாது. உருவகங்கள் மனிதர்களைப் பயமுறுத்திக் கீமோ போன்ற பலனுள்ள சிகிச்சையிலிருந்து துரத்துகின்றன, அப்படித் துரத்திக் கொல்கின்றன. ஆகவே உருவகங்களை உடைப்பது உயிர்காக்கும் காரியம் என்பது அவர் எண்ணம். மறுக்க முடியாத எண்ணம். அவருடைய புத்தகத்தைப் படித்து டாக்டரிடம் போனவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

ஆனால் இந்தத் தர்க்கத்தில் ஒரு மௌனம் இருக்கிறது. உருவகங்களையெல்லாம் உரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது சிகிச்சை, அது சுத்தமான ஸ்தூலம், அதற்கு அர்த்தச் சுமை எதுவும் கிடையாது என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அவருடைய பிந்தைய வாழ்க்கை அதற்குச் சாட்சி சொல்லவில்லை. 1998ல் கருப்பைப் புற்று, மறுபடியும் கீமோ, மறுபடியும் பிழைத்தார். 2004ல் எலும்பு மஜ்ஜையில் நோய். அதற்கு முந்தைய கீமோவே காரணமாயிருக்கக்கூடும் என்று டாக்டர்கள் கருதினார்கள். 71 வயதில் ஸியாட்டிலுக்குப் போய் மஜ்ஜை மாற்றிக்கொண்டார். அது பலிக்கவில்லை. 2004 டிசம்பர் 28ஆம் தேதி நியூயார்க்கில் இறந்தார். மகன் டேவிட் ரீஃப் 2008ல் எழுதிய புத்தகத்தில் இந்த மாதங்களைச் சொல்லியிருக்கிறார். அம்மா சாவதைப் பற்றிப் பேச அனுமதிக்கவில்லை, பிழைத்துவிடுவாய் என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டியிருந்தது, விடைபெற்றுக்கொள்ள முடியவில்லை. படிக்கச் சங்கடமான புத்தகம். தாயைக் குற்றம் சாட்டுகிறாரா, தன்னையா என்பது அவருக்கே தீர்மானமாகவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஸொண்டாகுக்குச் சிகிச்சை என்பது சித்தத்தின், பகுத்தறிவின், தான் விதிவிலக்கு என்ற நிச்சயத்தின் அடையாளமாகியிருந்தது. நோயிலிருந்து அவர் விரட்டிய உருவகம் மருந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதை அவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. பிழைக்க ஆசைப்படுவது பிழையா? நான் சொல்வது புத்தகத்தைப் பற்றி. என் நண்பர் கேட்டது, "எடுத்துக்கொள்ளட்டுமா, வேண்டாமா?" என்று. ஸொண்டாகின் புத்தகம், பயப்படாமல் டாக்டரிடம் போ என்கிறது. அவர் டாக்டரிடம் போய்விட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார்.

எதிர்த் திசையில் ஆட்ரி லார்டைச் சொல்வார்கள். 'தி கான்ஸர் ஜர்னல்ஸ்' 1980ல் வந்தது. மார்பை எடுத்தபின் செயற்கை மார்பு வைத்துக்கொள்ள மறுத்த கறுப்பினக் கவிஞர். அந்த மறுப்பை அவர் அரசியலாக எழுதியது ஸொண்டாகின் நிதானத்தைவிட எனக்கு நெருக்கமாக இருக்கிறது. 1984ல் ஈரலில் கட்டி தெரிந்தபோது பயாப்ஸி வேண்டாமென்றார், ஸ்விட்ஸர்லாந்தில் புல்லுருவிச் சாறு ஊசி போட்டுக்கொண்டார், 1992வரை இருந்தார். அந்த எட்டு வருஷத்தைப் புல்லுருவியின் கணக்கில் வரவு வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கவிஞரின் ஆயுள் எந்த மருந்துக்கும் நிரூபணமாகாது. அவர் எழுதியதன் மதிப்பு, தன் உடம்பின் மேல் எடுத்த ஒவ்வொரு முடிவையும் விலாசம் போட்டு எழுதியதில் இருக்கிறது. மறுப்பைப் பொது விதியாக மாற்றிப் பக்கத்து மேஜைக்காரனுக்குத் தானம் பண்ணவில்லை அவர். ஆன் பாய்ரின் 'தி அன்டையிங்' (2019) இந்த வரிசையில் கடைசியாகப் படித்தது. அதில் எனக்குப் பிடித்தது, லீவுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் அவர் பக்கம் ஒதுக்கியிருப்பது. ஏட்ரியாமைசின் ஏற்றிக்கொண்ட உடம்போடு வேலைக்குப் போகவேண்டியிருப்பது அங்கே படிமமாகவில்லை, தகவலாகவே நிற்கிறது.

*

கீமோவை எதிர்ப்பவர்கள் ஒரு எண்ணையும் வைத்திருக்கிறார்கள். 2.3. ஆஸ்திரேலியாவில் மார்கன், வார்ட், பார்ட்டன் என்ற மூவர் 2004ல் வெளியிட்ட கட்டுரையில் இருப்பது: வயது வந்தவர்களின் புற்றுநோயில், ஐந்து வருஷம் பிழைத்திருப்பதற்குக் கீமோவின் பங்கு ஆஸ்திரேலியாவில் 2.3 சதவிகிதம், அமெரிக்காவில் 2.1. டீக்கடையில் இதுவும் சொல்லப்பட்டது. நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். வட்டி விகிதத்தைச் சொல்லி, எந்தத் தொகைக்கு என்று சொல்லாமல் விட்டால் வாடிக்கையாளர் ஜன்னலை விட்டு நகரமாட்டார். இந்த 2.3 எதன் மேல்? கீமோ தேவையே இல்லாத, அறுவையோடு தீர்ந்துவிட்ட நோயாளிகளும் வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள். கீமோவே பிரதான சிகிச்சையான லுகேமியாக்கள் கணக்கில் சேரவில்லை. குழந்தைகள் சேரவில்லை. கீமோ எடுத்துக்கொண்ட ஒருவருக்கு 2.3 சதவிகிதம் பலன் என்று அந்தக் கட்டுரை சொல்லவே இல்லை. ஆனால் எண் கட்டுரையிலிருந்து கழன்று வந்து, தனியாக ஊர்சுற்ற ஆரம்பித்துவிட்டது. எண்ணும் உருவகமாகலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

அதே பொதுப்பெயரின் இன்னொரு மூலையில்: குழந்தைகளின் தீவிர லிம்ஃப் லுகேமியா, ஃபார்பர் காலத்துக்கு முன் சில வாரங்களில், மாதங்களில் கொன்றது. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைக்கிறார்கள். வசதி என்ற சொல்லை அடிக்கோடிட வேண்டும். ஆனாலும் அது நஞ்சு செய்த காரியம்தான், நம் கொல்லைப் பூவும் அதில் சேர்த்தி. விரைப்புற்று 1970களில் சிஸ்ப்ளாட்டின் வந்தபின், உடலெங்கும் பரவிய நிலையிலும் தீரக்கூடிய நோயாகிவிட்டது. பரவிவிட்ட கணையப் புற்றில் அதே கீமோ தருவது, தந்தால், சில மாதங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே மேஜையில் வைத்து, 'கீமோ நல்லதா கெட்டதா' என்று பட்டிமன்றம் நடத்தினால் என்ன தீர்ப்பு வரும்?

மருத்துவத்துக்குள்ளே நடக்கும் விவாதம் நம் விவாதத்தைவிட நாணயமானது; அதற்காக அங்கே யோக்கியர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. 1990களில் மார்பகப் புற்றுக்கு, மஜ்ஜை அழியும் அளவுக்குக் கீமோவை ஏற்றி, முன்பே எடுத்து வைத்திருந்த மஜ்ஜை செல்களைத் திருப்பிச் செலுத்தும் சிகிச்சை ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் செய்யப்பட்டது. அதனால் பலன் உண்டு என்று காட்டிய தென்னாப்பிரிக்க டாக்டர் வெர்னர் பெஸ்வோடாவின் ஆய்வு மோசடி என்று 2000ல் வெளிப்பட்டது. அந்தப் பெண்கள் பட்ட வேதனையை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? ஆனால் மோசடியைக் கண்டுபிடித்தவர்களும் டாக்டர்கள்தான். 2015ல் ஒரு ஆய்வு, சாவுக்கு அருகில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் கீமோ, ஓரளவு நடமாட்டத்தோடு இருந்தவர்களின் கடைசி வாரங்களைக்கூட மோசமாக்கியதைக் காட்டியது. 2018ல் இன்னொன்று, ஆரம்ப நிலை மார்பகப் புற்றில் ஒரு வகைப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கீமோ அவசியமில்லை என்று காட்டியது. யாருக்கு, எப்போது, எவ்வளவு, எந்த விலைக்கு? அங்கே கேட்கப்படுகிற கேள்விகள் இவை. நம் சூழலில் இந்தக் கேள்விகளுக்கு அழகு போதாது.

*

நண்பருக்கு நான் கொடுத்திருக்கவேண்டிய புத்தகம் ஸோல்ஷெனித்ஸினின் 'கான்ஸர் வார்டு'. இரண்டாவது முறை அவரைப் பார்க்கப் போனபோது அதைத்தான் கொண்டுபோனேன்.

அந்த நாவலை நம் பக்கத்தில் ஸ்டாலினிஸத்தின் உருவகமாகவே படித்து முடித்துவிட்டார்கள் - ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள், இரு சாராரும். 1968ல் ரஷ்யாவுக்கு வெளியே அச்சாகி, 1970ல் நோபல் பரிசும் கிடைத்தபின், நாவலுக்குள் கான்ஸர் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. ஸொண்டாக் இதில் சரியாகப் பார்த்திருக்கிறார்: அந்த நாவலில் புற்றுநோய் அநேகமாக எதற்கும் உருவகமில்லை என்கிறார். 1954ல் நாடுகடத்தப்பட்ட கைதியாகத் தாஷ்கண்ட் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர் ஸோல்ஷெனித்ஸின். வார்டின் வாசனை தெரிந்த கை.

1955. கதாநாயகன் கோஸ்டோக்ளோடோவ் சாகிற நிலையில் வந்து சேர்ந்தவன். கதிரியக்கம் அவன் கட்டியைச் சுருக்கிவிட்டது. எழுந்து நடக்கிறான். இப்போது அவன் கேட்பது, போதும், என்னை விடுங்கள் என்று. டாக்டர் டோன்ட்ஸோவா விட மறுக்கிறாள். கட்டி திரும்பி வரும், சிகிச்சை முடியவில்லை. அவள் சொல்வது மருத்துவரீதியில் சரி. அவள் பொய்யள் அல்ல, ஓய்வில்லாமல் உழைக்கிறவள், பிறர்மேல் பாய்ச்சிய கதிரே அவளைத் தின்றுகொண்டிருக்கிறது என்பது பின்னால் தெரியவருகிறது. ஆனால் அவனுக்குப் போடப்படும் ஹார்மோன் ஊசி அவனுடைய ஆண்மையை வாங்கிவிடும் என்பதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. மருத்துவம் படிக்கும் நர்ஸ் ஸோயாவிடமிருந்து தெரிந்துகொள்கிறான். இன்னொருவனுக்காக முடிவெடுக்கும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று டோன்ட்ஸோவாவிடம் கேட்கிறான். டாக்டருக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு என்பது அவள் நிலை. நாவலாசிரியர் தீர்ப்புச் சொல்வதில்லை. முகாமில் வருஷக்கணக்கில் பிறர் முடிவுகளுக்குக் கீழே கிடந்தவன் என்பதால் அவன் கேள்விக்குக் கனம் கூடுகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் செத்திருப்பான் என்பதால் அவள் பதிலுக்கும் அதே கனம். கீமோவைப் பற்றிய விவாதம் என்று ஒன்று உண்டென்றால், அது இந்த இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. வைத்தியம் வேண்டுமா வேண்டாமா என்பது அதில் கேள்வியே அல்ல. உயிரைக் காப்பாற்ற என்ன விலை கொடுக்கலாம், அந்த விலையை யார் பேசி முடிப்பது என்பதே கேள்வி.

நஞ்சு என்ற சொல்லையும் நாவல் சும்மா விடவில்லை. பிர்ச் மரத்தில் வளரும் காளானைத் தேநீராகக் குடித்த குடியானவர்களுக்குப் புற்று வரவில்லை என்று ஒரு நாட்டுப்புற டாக்டர் எழுதியதை வைத்துக்கொண்டு வார்டே ஆசைப்படுகிறது. கோஸ்டோக்ளோடோவ் பையில் இஸிக்-குல் வேர்ச்சாறு ஒரு குப்பி வைத்திருக்கிறான். அது நம் வைத்தியர்களின் நாபிக்கு உறவு. அளவு தப்பினால் ஆளைக் கொல்லும். டாக்டர் வேரா காங்கார்ட் அதைக் கொட்டச் சொல்கிறாள், கொட்டுகிறான். அதே வார்டில், எதிர்க் கட்டிலில், ரூஸனோவுக்கு ஏறிக்கொண்டிருப்பது எம்பிகின் ஊசி. எம்பிகின் என்பது நைட்ரஜன் மஸ்டர்ட். யேலில் பெயரில்லாமல் ஜே.டி.க்கு ஏறிய அதே இனத்துப் பொருள், பதின்மூன்று வருஷத்தில், பனிப்போரைத் தாண்டித் தாஷ்கண்டுக்கு வந்திருக்கிறது. கொட்டப்பட்டதும் விஷம், ஏற்றப்படுவதும் விஷம். ஒன்றுக்கு அளவும் ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது, இன்னொன்றுக்கு நம்பிக்கை இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சித்த வைத்தியர் ஒருவர் சேராங்கொட்டையைச் சுத்தி செய்வதை நான் பார்த்திருக்கிறேன். நஞ்சு என்பதற்காக அவர் அதைத் தள்ளவில்லை, மருந்து என்பதற்காக நம்பிவிடவும் இல்லை. 'நஞ்சு' என்று சொல்லிவிட்டதாலேயே எதையோ நிரூபித்துவிட்டதாக நினைப்பது எழுத்தாளர்கள் மட்டும்தான்.

ரூஸனோவ் ஊழியர் பதிவேடுகளைப் பார்க்கும் அதிகாரி. ஆட்களைக் காட்டிக்கொடுத்து மேலே வந்தவன். முதல் ஊசி ஏறிய இரவில் ஜுரக் கனவில், அவன் அழித்தவர்கள் வருகிறார்கள். கான்க்ரீட் குழாய்க்குள் ஊர்ந்து ஊர்ந்து போகிறான். நாவலின் உச்சங்களில் ஒன்று அந்த அத்தியாயம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மருந்து உடம்பில் இறங்கி மனசாட்சியைக் கிளப்புகிறது என்று ஒரு கூட்டத்தில் பேசவும் செய்திருக்கிறேன்.

*

நண்பர் கடைசியில் தன் டாக்டரிடம் கோஸ்டோக்ளோடோவின் கேள்வியைக் கேட்டிருக்கிறார் - நாவலைப் படித்தா, தானாகவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. டாக்டர் மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பத்துக் கோடு இழுத்தாராம். உங்களைப் போன்ற பத்துப் பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு அறுவையோடு சரி, மருந்தே வேண்டியதில்லை. மூன்று பேருக்கு மருந்து கொடுத்தாலும் திரும்பி வரும். நடுவில் இருக்கிற இரண்டு பேருக்காகத்தான் பத்துப் பேருக்கும் கொடுக்கிறோம். நீங்கள் எந்தக் கோடு என்று எனக்குத் தெரியாது. விரல் மரத்துப்போகலாம், பிறகு சரியாகலாம், ஆகாமலும் போகலாம். இவ்வளவுதான். இதில் யுத்தமும் இல்லை, சரணாகதியும் இல்லை. வாழ்க்கையில் இத்தனை நேரடியான உரைநடையை நான் கேட்டதில்லை என்று நண்பர் சொன்னார். இரண்டு நாள் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வேறு ஒருவர் அதே சீட்டைப் பார்த்துவிட்டு வேண்டாமென்றிருக்கலாம். அவரோடும் எனக்குச் சண்டை இல்லை.

எட்டாவது முறை முடிந்தபோது போய்ப் பார்த்தேன். பாட்டில் தண்ணீரைத் துணி சுற்றிப் பிடித்திருந்தார். குளிர்ந்தது எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கிறதாம். கூட்டத்தைப் பற்றிக் கேட்டார், கவிஞரின் புதுத் தொகுப்பைப் பற்றிக் கேட்டார். ஸொண்டாகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நாவலைத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் புரட்டிப் பார்த்தேன். பென்சில் குறி ஒரே இடத்தில். நான் எதிர்பார்த்த மாதிரி டோன்ட்ஸோவாவின் சண்டையில் இல்லை. கடைசியில் கோஸ்டோக்ளோடோவ் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து பூத்த மரத்தைத் தேடிப் போகிற பக்கங்களிலும் இல்லை. ரூஸனோவின் ஊசி இரவில். விரல் மரத்துப்போன கையால் எழுதியது, எழுத்து வரியை விட்டு இறங்கி ஓடியிருந்தது: "யாரும் வரவில்லை. வாயில் இரும்பு ருசி."